தழைத்துரை சொன்னது சரிதான்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். இன்று வியாழன். உள்ளே உன் அம்மா பருப்புப் பொடி டப்பாவுக்கு இடம் செய்வதற்காக உன் பெட்டியை மூன்றாவது முறையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் ஷெட்டில் கம்ப்ரஸர் லாரியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று எட்டு மாதம், பத்து மாதம் போய்க் கிடந்த காலத்திலும் போனில் “சாப்புட்டயா, பரீட்சை முடிஞ்சுதா” என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மூன்றாவது கேள்வி எனக்குத் தெரியாது. போன வாரம் உன் காலேஜ் மேடம் கூப்பிட்டு, ஆண்டு மலருக்கு மகளுக்குக் கடிதமாக ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். “நான் என்னங்கம்மா எழுதறது, எனக்குக் கல்லும் தண்ணியுந்தான் தெரியும்” என்றேன். “அதையே எழுதுங்க” என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா? அதிலும் என்னைப் போன்ற அப்பன்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நீ நல்ல மார்க் எடுத்தாய். திருச்செங்கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒன்று ரிக் வண்டி மேல் விழும், இல்லாவிட்டால் இன்ஜினியரிங் காலேஜ் மேல் விழும். அப்படி ஒரு காலேஜில் உன்னைக் கேட்காமலே இடம் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். நீ சேலத்தில் தாவரவியல் படிக்கிறேன் என்றாய். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அன்று வீட்டில் இருந்தார்கள். அவர்கள் முன்னால், “செடி படிச்சு என்ன பண்ணப்போற? பூக்கடை வெக்கப்போறயா?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “பூக்கடையும் வெப்பனுங்கப்பா, மொதல்ல படிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். அதன் பிறகு நாலு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. உன் அம்மாதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காலேஜில் சேர்த்தாள். வாசலில் மூன்று வண்டி நின்றிருந்தன. நீங்கள் இருவரும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தீர்கள். அன்று சாயங்காலம் உன் அம்மா என் முன்னால் டீயை வைத்துவிட்டு, “புள்ள சிரிச்சுட்டே உள்ள போச்சுங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்கு இன்னொரு பெரிய தப்பு தேவைப்பட்டது. நீ ஆராய்ச்சியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்த சமயம், பொங்கலுக்கு முன்னால் நான் சத்தீஸ்கரிலிருந்து திரும்பினேன். வீட்டுக்கு வெள்ளையடித்தோம், ஷெட்டைச் சுத்தம் செய்தோம். ஷெட்டின் மூலையில், துளை போடும் இரும்பு ராடுகளை அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில், பலகை வைத்துக் கயிறு போட்டுக் கட்டிய செய்தித்தாள் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. எலி அடையும் என்று நினைத்தேன். தெருவில் போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் ஒரு செடி, வேரோடும் பூவோடும், எந்த ஊரில் எந்தத் தேதியில் பறித்தது என்று உன் கையால் எழுதிய சீட்டோடும் உலர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தாளை விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விரிக்கவில்லை. மறுநாள் நீ சேலத்திலிருந்து வந்தாய்.

“ஏனுங்கப்பா, இங்கிருந்த கட்டெல்லாம் எங்கீங்க?”

“பழைய பேப்பரா? போட்டாச்சு சாமி. எலி வந்துரும்னு.”

உன் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பேப்பர்காரரின் குடோனுக்கு ஓடினேன். காலையிலேயே லாரி ஏற்றி மில்லுக்கு அனுப்பிவிட்டார்களாம். “இந்நேரம் கூழாயிருக்குமுங்க” என்றார் குடோன்காரர். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். உன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “என்னுங்க, புள்ளையோட மூணு வருசத்த எடைக்குப் போட்டுட்டு வந்திருக்கறீங்களே!” நீ ஷெட்டில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாய். நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். நீ என்னைப் பார்த்து, “தழைத்துரைக்கும் இதேமாதிரிதானுங்கப்பா ஆச்சு. அவருக்கு ஆறு, எனக்கு நீங்க” என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அது யாரு சாமி தழைத்துரை?” என்று கேட்டேன். உன்னிடம் நான் கேட்ட மூன்றாவது கேள்வி அதுதான்.

அன்று மதியம் முழுக்க அந்த டயர் மேல் உட்கார்ந்தபடியே நீ அவர் கதையைச் சொன்னாய். வெள்ளைக்காரர் ஆட்சியில் சேலம் ஜில்லாவுக்குக் காட்டிலாகா வேலைக்கு வந்தவர். குளிர்தேசத்தில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டக்காரருக்கு மகன். படிப்பு அதிகம் கிடையாது. அப்பாவோடு மண் கிளறிய கையோடு இருபது வயதில் கப்பல் ஏறிவிட்டார். அவருடைய நிஜப் பெயரை நீ எழுதப்போகிற புத்தகத்தில் எல்லாரும் படிக்கத்தான் போகிறார்கள். என் வாயில் அது நுழையாது. ஓமலூரிலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும் குதிரை மேல் சுற்றுவது, மரத்தை எண்ணுவது, வெட்டுகிற மரத்துக்கு முத்திரை குத்துவது, இதுதான் அவர் உத்தியோகம். பொழுது சாயும் முன்னால் அரை மணி நேரம் கிடைத்தால் போதும், குதிரையை விட்டு இறங்கி, முழங்காலிட்டு, பூதக்கண்ணாடி வைத்துக் களைச்செடியைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். துரை ஒருவர் தழை பொறுக்குகிறார் என்று ஜனங்கள் வைத்த பெயர்தான் தழைத்துரை. அந்தப் பெயரை அவர் பெரிய பட்டம் மாதிரி தன் மகளுக்கு எழுதியிருக்கிறார். ஆமாம், அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். சேலத்துக் காய்ச்சல் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி இரண்டு வயதிலேயே அதைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அதன் பிறகு அவர் தன் மகளைக் கடிதத்தில்தான் வளர்த்தார். அந்தக் கடிதங்களை அந்த மகள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இத்தனை காலம் கழித்து அவற்றின் நகல் உன் மேடம் கைக்கு வந்து, உன் கைக்கும் வந்தது.

அவர் வந்து ஒன்பதாவது வருடம், வெள்ளம் வடியாத காவிரியைப் பரமத்தி வேலூர் பக்கத்தில் பரிசலில் கடந்தார். நடு ஆற்றில் பரிசல் சுழன்றது. ஆள் பிழைத்தார், இரண்டு பெட்டி ஆற்றோடு போனது. ஒன்பது வருடச் செடிகள். ஒரு வாரம் கரையில் கிடந்து, ஒதுங்கிய தாள்களை வெயிலில் காயவைத்துப் பார்த்தார், எல்லாம் அழுகிவிட்டது. அப்புறம் என்ன செய்தார் என்று கேட்டேன். “குதிரையத் திருப்பிட்டு ஓமலூருக்குப் போனாருங்கப்பா. மொத மொதல்ல எந்தச் செடியப் பறிச்சாரோ அதுல இருந்து மறுபடியும் ஆரம்பிச்சாரு” என்றாய். எனக்கு ரோசம் வந்துவிட்டது. “அட, அவன் நம்ம காட்டை வெட்டித்தான சாமி ரயிலுக்குக் கட்டை குடுத்தான்?” என்றேன். நீ கொஞ்சமும் தயங்கவில்லை. “ஆமாங்கப்பா, வெட்டுனாரு. ஒரு மலைச் சரிவு மொத்தத்தையும் வெட்டக் கையெழுத்துப் போட்டுட்டு, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போகவே கூச்சமா இருக்குதுன்னு அவரே மகளுக்கு எழுதியிருக்காரு. அதையும் எழுதுவேன், இதையும் எழுதுவேன்.” அந்த நிமிடத்தில்தான் என் மகள் என்னை விடப் பெரியவளாகிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நியாயம் பேசுவதில் நான் எப்போதும் ஒரு கட்சிதான்.

அந்த வருடம் நான் ரிக்கோடு போகவில்லை. பங்காளி ஒருவரை அனுப்பிவிட்டு, “நான் தொலைச்சதை நானே தேடிக் குடுக்கறேன், ஏறு ஜீப்புல” என்றேன். சேர்வராயன் மலை அடிவாரம், கொல்லிமலைச் சரிவு, காவிரிக்கரை வெற்றிலைக் கொடிக்கால் என்று தை மாதத்திலிருந்து ஐப்பசி வரை சுற்றினோம். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான். நீ பறிப்பாய், நான் தாள் விரிப்பேன். நீ பெயர் சொல்வாய், நான் சீட்டில் எழுதுவேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உன் மேடம், “உங்க அப்பா எழுத்து அச்சு மாதிரி இருக்குது” என்றார்களாம். அதை நீ சொன்ன நாளில் நான் வண்டியை எந்த கியரில் ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. போனதெல்லாம் திரும்பி வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அது முன்பும் உன்னிடம் இருந்ததில்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை. தழைத்துரை மட்டும் பார்த்த செடி அது.

மாக்னசைட் என்று தோண்டி எடுக்கும் வெள்ளைக்கல் கிடக்கிற கரட்டுக் குன்று ஒன்றில், ஆடு மேய்ப்பவன் காட்டி, அவர் ஒரு சின்னச் செடியைக் கண்டுபிடித்தார். பார்வைக்கு நம் வரப்பில் கிடக்கும் விஷ்ணுகிரந்தி மாதிரியே ஊதாநீலப் பூ. ஆனால் விஷ்ணுகிரந்தி இலையைத் தடவினால் பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய மயிரோடு இருக்கும். இது வெற்றிலை மாதிரி வழுவழுவென்று இருந்தது. விஷ்ணுகிரந்தியின் விதைக்கூட்டில் பொதுவாக நாலு விதை. இதில் ஒரே விதை. இது வேறு ஜாதி, புதிது என்று பெயரும் வைத்து, தன் தேசத்தில் உலர்ந்த செடிகளைச் சேர்த்து ஆராயும் பெரிய இடத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரிய நிபுணர், காட்டைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்துவிட்டு, மோசமான மண்ணில் பட்டினி கிடந்த விஷ்ணுகிரந்திதான் இது, காட்டிலாகாக்காரர் அவர் வேலையைப் பார்க்கட்டும் என்று எழுதிவிட்டார். தழைத்துரை சண்டை போடவில்லை. மறுபடியும் நாலு தடவை அதே கரட்டுக்குப் போய் விதை சேர்த்தார். சேலத்துப் பங்களாவில் நல்ல மண் போட்ட தொட்டியில் விதைத்தார். பட்டினியால்தான் இப்படி என்றால், நல்ல மண்ணில் இது விஷ்ணுகிரந்தி ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் தான் சொன்னது சரி. தொட்டியில் முளைத்திருக்கிறது, பூத்துக் காய்த்ததும் உனக்குத்தான் முதலில் எழுதுவேன் என்று மகளுக்கு எழுதினார். அதுதான் கடைசிக் கடிதம். காய்ச்சல் வந்து பத்து நாளில் போய்விட்டார். தொட்டிகளை யார் பார்த்தார்கள், என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு அந்தச் செடியை யாரும் காணவில்லை. பாதிக் கரடுகளை வெள்ளைக்கல்லுக்காகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். புத்தகங்களில் அவருடைய செடிக்குப் பக்கத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து விட்டிருந்த ஒரு மதியம், ஓமலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். நீ அந்தக் கடிதத்தை நூறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாய். எந்தக் கரடு என்று அவர் பெயர் எழுதவில்லை. கிணறு வெட்டி, தண்ணீர் காணாமல் கைவிட்ட குழிக்கு மேற்கே, இரண்டு குண்டுப்பாறைக்கு நடுவில் என்றுதான் இருந்தது. நீ அதைத் தமிழில் சொன்னதும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. “என்னாச்சுங்கப்பா?” என்றாய். எனக்கு அந்தக் குழி தெரியும். அந்த இரண்டு பாறையும் தெரியும். உன் அம்மாவுக்கும் சொல்லாத விஷயம் அது. நான் சொந்தமாக ரிக் வாங்கிய புதிதில் அங்கே ஒரு விவசாயியின் மேட்டுக்காட்டில் போர் போடப் போனேன். காட்டுக்காரர், “வெள்ளக்காரன் காலத்துலயே கெணறு வெட்டிப் பாத்து உட்டுட்டாங்களாமுங்க” என்று அந்தக் குழியைக் காட்டினார். நான் கேட்கவில்லை. “எங்க வண்டி தோத்ததே இல்லீங்க” என்று ராடுகளை இறக்கினேன். எண்ணூறு அடி வரைக்கும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. காட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ரிக்கை மடக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இதை ஜீப்பில் உன்னிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ என் தோளில் தட்டி, “வண்டியத் திருப்புங்கப்பா” என்றாய்.

கரட்டின் அடியில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பாவாயி என்று பெயர் சொன்னார். நீ செடியின் படத்தைக் காட்டினாய். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். “ஏனுங்க, நீங்க அந்த ரிக்கு வண்டிக்காரரு தானுங்க?” என்று கேட்டார். அந்தக் காட்டுக்காரரின் வீட்டுக்காரம்மா அவர்தான். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறதாம். தண்ணீர் இல்லாததால் வெள்ளாமையை விட்டுவிட்டு ஆடு வாங்கியிருக்கிறார். “தண்ணி வராட்டி நீங்க என்ன பண்ணுவீங்க? மண்ணு அப்பிடி. ஆனா சொல்லாமப் போயிட்டீங்க பாருங்க, அவரு சோத்துக்கு உங்களைக் கூட்டியாறச் சொல்லி என்னைய அனுப்பிச்சாரு. வந்து பாத்தா வண்டியக் காணோம்” என்றார். கோபமே இல்லாத குரல். சாமி, உன் முன்னால் நான் கைகூப்பி நின்றது உனக்கு நினைவிருக்கும். “தப்புத்தானுங்கம்மா. அன்னிக்குச் சொல்லியிருக்கோணும். இன்னிக்குச் சொல்றனுங்க, மன்னிச்சுக்கங்க” என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அட, உடுங்க. புள்ள என்ன தேடுது?” என்று உன் பக்கம் திரும்பினார். இப்போதுதான் படத்தைப் பார்த்தார். “இதுவா? இத ஆடு தொடாது. இப்ப வந்து தேடுனா எப்பிடிக் கெடைக்கும் கண்ணு? பத்து மணிக்கு மேல பூவு மூடிக்கும். மூடிப்போச்சுன்னா கல்லுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. காலைல வாங்க.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூவரும் ஏறினோம். அந்தக் குழியைத் தாண்டி மேற்கே, இரண்டு பாறைக்கு நடுவில், வெள்ளைக்கல் சரிவு முழுக்க நீலப் புள்ளி வைத்த மாதிரி பூத்துக் கிடந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீ அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு இலையைத் தடவினாய். பிறகு என் விரலைப் பிடித்து அதே இலையில் வைத்தாய். வழுவழுப்பு. நீ கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கரடே திரும்பிக் கத்தியது. பாவாயியம்மா, “ஆடு மெரளுதுங்க, மெல்ல” என்றார். அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் இங்கே எழுத வேண்டும். அவர்கள் காட்டைச் சேர்ந்த அந்தச் சரிவை வெள்ளைக்கல் எடுக்கக் கேட்டு ஆள் வந்து போய்க்கொண்டிருந்தார்களாம். தை பிறந்ததும் பதில் சொல்வதாக இருந்தாராம். நீ முழங்காலில் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இல்லீன்னு சொல்லிப்போடறேன். எனக்கு ஆடு மேயறதுக்கு எடம் வேணும், இந்தச் செடிக்கு இருக்கறதுக்கு எடம் வேணும்” என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இன்றைக்கும் அந்தச் சரிவில் மண்வெட்டி படவில்லை.

செடி கிடைத்துவிட்டது, ஆனால் வழக்கு தீரவில்லை. பட்டினிச் செடி என்று இன்னும் சொல்வார்கள் என்றாய். தழைத்துரை பாதியில் விட்ட வேலையை எடுத்தாய். விதை சேர்த்தோம். காவிரிக்கரையில் எது போட்டாலும் முளைக்கிற கொடிக்கால் மண்ணைப் பரமத்தி வேலூரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தேன். மாடியில் பன்னிரண்டு தொட்டி. பக்கத்திலேயே சாதாரண விஷ்ணுகிரந்தி பன்னிரண்டு தொட்டி. நீ சேலத்தில் இருந்த நாட்களில் தண்ணீர் ஊற்றியவன் நான். எண்ணூறு அடி ராடு இறக்கியவன் டம்ளரில் அளந்து ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம். இலையில் மெல்லிய மயிர் ஒன்று முளைத்துவிட்டால் தழைத்துரையும் தோற்றார், நீயும் தோற்றாய். உன் அம்மா துணி காயப்போட வரும்போதெல்லாம், “இன்னிக்கு எப்பிடி இருக்கறாரு தொரை?” என்று கேட்பாள். மாசி போனது, பங்குனி போனது. கொடிக்கால் மண்ணைத் தின்றுவிட்டு அவை கொழுகொழுவென்று படர்ந்தன. பூத்தன. காய்த்தன. இலை வழுவழுப்பு மாறவே இல்லை. விதைக்கூட்டை நீ ஊசியால் பிரித்தபோது நானும் உன் அம்மாவும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தோம். ஒரு விதை. அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று.

சேலத்தில் நடந்த அந்தக் கூட்டத்தை மட்டும் நான் சாகும் வரை சொல்லிக்கொண்டே இருப்பேன், சலித்துக்கொள்ளாதே. பல ஊர்களிலிருந்து செடி படித்தவர்கள் வந்திருந்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், தலை முழுக்க நரைத்தவர், நீ பேசி முடித்ததும் எழுந்து, “அம்மா, இது பட்டினிச் செடி என்று எப்போதோ முடிவாகிவிட்டது” என்றார். நீ கதவுப் பக்கம் பார்த்துத் தலையசைத்தாய். நானும் உன் அம்மாவும் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். திருச்செங்கோட்டிலிருந்து அவள் இரண்டு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், புடவையெல்லாம் மண். “ஐயா, இது கொடிக்கால் மண்ணுங்க. நீங்களே பிரிச்சுப் பாருங்க” என்று நீ ஊசியை அவர் கையில் கொடுத்தாய். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கூட்டைப் பிரித்தார். இன்னொன்று. ஏழு கூட்டைப் பிரித்தார். கூட்டமே எழுந்து எட்டிப் பார்த்தது. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “நூறு வருஷத்துக்கு மேல ஒரு மனுஷனைப் பொய்க்காரன் ஆக்கி வெச்சிருக்கோம். அவர் சொன்னது சரிதான்” என்று சத்தமாகச் சொன்னார். முதலில் கைதட்டியது உன் அம்மா. அதற்கப்புறம் கைதட்டல் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. தழைத்துரை வைத்த அதே பெயரை அந்தச் செடிக்குத் திரும்பக் கொடுத்தாய். கட்டுரையின் முடிவில் பாவாயியம்மா பெயரைப் போட்டாய். என் பெயரையும் போட்டாய். ரிக் டிரில்லர் என்று என் தொழிலையும் சேர்த்துப் போட்டாய். அந்தப் பக்கத்தை உன் அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

இப்போது அவர் அனுப்பிய செடித் தாள்கள் இருக்கும் ஊருக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் அவற்றோடு இருந்து அவர் வாழ்க்கையை எழுதப் போகிறாய். புத்தி சொல்லாமல் அனுப்பினால் அப்பன் கடிதம் ஆகாது, அதனால் சொல்கிறேன். தோற்ற இடத்திலிருந்து சொல்லாமல் கிளம்பாதே. நான் கிளம்பினேன், இருபது வருடம் அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தழைத்துரை தோற்ற கரட்டுக்கு நாலு தடவை திரும்பிப் போனார். பெரியவர்கள் தப்புச் சொன்னால் சத்தம் போடாதே, ஊசியை அவர்கள் கையில் கொடு. அதை நீயேதான் எனக்குக் காட்டினாய். எந்தத் தாளையும் விரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடாதே. அதற்கு நான் சாட்சி. அவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதாதே, வெட்டிய மலையையும் எழுது. குளிருக்கு அஞ்சாதே, சமையலுக்கு அஞ்சு. உன் கைப்பக்குவம் எங்களுக்குத் தெரியும். அங்கே பழைய ஆள் யாராவது, ரிக் வண்டிக்காரர் மகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால், பூக்கடை வைக்க வந்தேன் என்று சொல்.

வெளியூர் போகிற பிள்ளைகளை ஜெயித்துவிட்டு வா என்று வழியனுப்புவது நம் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று அதையேதான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நீ ஜெயித்துவிட்டுத்தான் போகிறாய், சாமி. போய் வேலையைப் பார்.

உன் அப்பா